முதல் ரசிகைக்கு ஒரு கெட்டில்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையாகப் பிறந்தது. இருபத்து நான்கு பக்க அறிக்கை, அதில் கடைசி ஏழு பக்கம் வழக்கமான பின்னிணைப்பு. பதினாறு பக்கங்களை மளமளவென்று எழுதிவிட்டேன். கெட்டில் கம்பெனியின் விளம்பரங்களை எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், அதனால் கடைகளில் எத்தனை கெட்டில் கூடுதலாக விற்றது என்று கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். பதினேழாம் பக்கத்தின் தலைப்பு ‘முதல் ரசிகை விழா: தாக்கம்’. தலைப்பை அடித்துவிட்டுக் கீழே பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது. மூன்று நாளாக அப்படியே இருக்கிறது. அந்த மூன்று நாளில் பக்கத்துக் கோப்பில் எழுதியதைத்தான் நீங்கள் இப்போது படிக்கிறீர்கள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிகள் சமூக ஊடகத்தில் போடும் விளம்பரங்களால் என்ன பலன் என்று அளந்து சொல்லும் அலுவலகம் ஒன்றில் அறிக்கை எழுதுகிறேன். எட்டு வருடம் ஆகிறது. “துணிக்கடைக்காரர் துணியை அளக்கிறார், இவள் ஜனங்களின் மனசை அளக்கிறாள்” என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். நானும் சிரித்துக்கொண்டே நிற்பேன். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. கோபத்தில் எழுதிய கதை உருப்படாது என்பார்கள். உருப்படாமல் போகட்டும், அறிக்கை மட்டும் என்ன உருப்பட்டுவிட்டது?

2

கைவிட்ட தொடக்கங்கள் சில:

“கெட்டிலின் மூடி திறந்துகொண்ட அந்தக் காலைப் பொழுதில் தையல்காரியின் வாழ்க்கை—”

(வாழ்க்கை என்ற சொல் வந்ததுமே எனக்குக் கூச்சமாகிவிட்டது. வெந்தது வலது கை. கை என்றே சொல்ல வேண்டும்.)

“மதிப்புக்குரிய கெட்டில் கம்பெனிக்கு,”

(கடிதமாக ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். கை வெந்த வீட்டார் அறுபத்து மூன்று தடவை எழுதி நடக்காதது, நான் ஒரு தடவை எழுதி நடந்துவிடுமா?)

“சமூக ஊடகம் என்பது இன்றைய உலகில்—”

(கொட்டாவி. இது அறிக்கையின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். அக்கா, தங்கை இரண்டு பேர். அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். தங்கை ஒரு கண்ணாடிக்கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை பொருத்துகிறவர். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தைக்கும் இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் தேநீர் போட்டுக்கொள்ளலாம் என்று தங்கைதான் அக்காவுக்கு அந்தக் கெட்டிலை வாங்கிக் கொடுத்தார். நாலாம் மாதம் மூடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்தது. உடைந்தது வெளியே தெரியாது. மூடி மூடியபடிதான் உட்கார்ந்திருக்கும். அக்கா இடது கையால் கெட்டிலைச் சாய்த்தார், வலது கையில் டம்ளர். மூடி திறந்து, கொதித்த தண்ணீர் மொத்தமும் அந்தக் கையில் கொட்டியது. ஆஸ்பத்திரியில் தொடைத்தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடாத விரல்களால் ஊசி கோக்க முடியாது, கத்தரியைப் பிடிக்க முடியாது.

கம்பெனிக்கு மூன்று முறை போன் செய்தார்கள். மூன்று முறையும் பதிவு செய்த குரல் ஒன்று அவர்களுடைய அழைப்பு முக்கியமானது என்று சொன்னது. அதன்பிறகுதான் தங்கை ஒரு முடிவுக்கு வந்தார். கம்பெனி தன் சமூக ஊடகப் பக்கத்தில் தினமும் ஒரு விளம்பரம் போடும். அதன் கீழே தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவர் ஒரு கமெண்ட் போடுவார். ஒரே கமெண்ட்தான், ஓர் எழுத்தும் மாறாது:

“வணக்கம். உங்கள் கெட்டிலின் மூடிக் கொக்கி நாலு மாதத்தில் உடைந்துவிட்டது. சாய்த்தால் மூடி திறந்துகொள்கிறது. என் அக்காவின் வலது கை வெந்துவிட்டது. வேறு யாருக்கும் இப்படி ஆகக் கூடாது. தயவுசெய்து இந்த மாடலை விற்பதை நிறுத்துங்கள். நன்றி.”

அறுபத்து மூன்று நாள் எழுதினார்.

3

இனி என் பங்கு. இந்தப் பகுதியை விட்டுவிட்டுக் கதையைச் சொல்ல முடியுமா என்று இரண்டு வரைவுகளில் முயன்றேன். முடியவில்லை.

அந்தக் கம்பெனியின் பக்கத்துக்கு மாதம் நாற்பதாயிரம் கமெண்ட் வரும். உட்கார்ந்து படிக்க ஆள் கிடையாது. மென்பொருள்தான் படிக்கும். படிக்கும் என்று சொல்வது மரியாதைக்கு. அது சொற்களைப் பொறுக்கும், அவ்வளவுதான். நல்ல சொல் இருந்தால் பச்சை, கெட்ட சொல் இருந்தால் சிவப்பு, இரண்டும் இல்லையென்றால் சாம்பல். எது நல்ல சொல், எது கெட்ட சொல் என்ற பட்டியலை அதற்கு ஒரு மனிதர் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தது நான்.*

வணக்கம், தயவுசெய்து, நன்றி மூன்றும் என் பட்டியலில் நல்ல சொற்கள். வசவுகள் எல்லாம் கெட்ட சொற்கள். அதில் நான் ரொம்பக் கவனமாக இருந்தேன், எழுத்துப்பிழையோடு திட்டினால்கூடப் பிடித்துவிடும். ‘வெந்துவிட்டது’ என்ற சொல்லைச் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அதனால் தங்கையின் ஒவ்வொரு கமெண்டுக்கும் மூன்று பச்சைப் புள்ளி. அறுபத்து மூன்று நாளும் மூன்று மூன்றாக விழுந்திருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தப் பெண் ஆத்திரத்தில் கம்பெனியின் அம்மாவையோ அப்பாவையோ இழுத்திருந்தால் அன்றைக்கே சிவப்பு விழுந்து யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். மரியாதையாகப் பேசியதால் கவனிப்பாரில்லை.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. பக்கத்தில் அதிக அன்பு காட்டிய ஒருவரைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், அழைத்துப் பரிசு கொடுத்து நேரலையில் காட்டப்போகிறோம் என்றார்கள். நான் பச்சைப் புள்ளிப் பத்தியை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினேன். முதல் வரியில் இருந்த பெயரை எடுத்து அனுப்பினேன். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

* (அடிக்குறிப்பு: அந்தப் பட்டியலை ஒரு மதியச் சாப்பாட்டுக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவில் தயாரித்தேன். யாரும் சரிபார்க்கவில்லை. ஆனால் அந்த வருடம் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அது வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. போன வாரம் கழற்றிவிட்டேன். “ஆணி மட்டும் நிக்குது, அசிங்கமா இருக்கு” என்கிறார் வீட்டுக்காரர்.)

4

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். எங்கள் மேலாளர். அலுவலகத்தில் அவருக்குச் ‘சதவீதம்’ என்று பெயர். லிஃப்ட் வரத் தாமதமானால்கூட எத்தனை சதவீதம் தாமதம் என்று சொல்வார். முதல் வரைவில் அவரை வில்லனாக எழுதினேன், மேஜையைத் தட்டிக் கத்த வைத்தேன். வாசகர்களுக்கு வசதியாக இருக்கும்; கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டால் நிம்மதி.

ஆனால் அவர் கத்துகிற ஆள் இல்லை. ஜன்னலோரத் தொட்டிச் செடிகளுக்கு அவர்தான் தண்ணீர் ஊற்றுகிறார். என் மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் விசாரித்தவர். இவ்வளவு நல்ல மனிதர் எப்படி இந்தப் பதினேழாம் பக்கத்தை நிரப்பச் சொல்கிறார் என்பதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். ஆகவே வில்லன் பதவி காலியாக இருக்கிறது. எட்டு வருட அனுபவத்தோடு நானே விண்ணப்பிக்கலாம் என்று தோன்றுகிறது.

5

விழா நாள்.

கம்பெனியின் முதல் மாடிக் கூடத்தில் சின்ன மேடை, சிவப்புக் கம்பளம், மூன்று கேமரா. நேரலையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ண நானும் மடிக்கணினியோடு வாசல் அருகே உட்கார்ந்திருந்தேன். அக்காவும் தங்கையும் ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டார்கள். தங்கை இஸ்திரி போட்ட உடையில் இருந்தார். அக்காவின் வலது கையில் தோலோடு ஒட்டிய இறுக்கமான கையுறை. கூடவே ஒரு துணிப்பை.

தங்கை நேராக என்னிடம்தான் வந்தார்.

“கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. ரெண்டு மாசமா எழுதறேன், யாருமே பாக்கலைன்னு நெனச்சேன். நீங்கதான் என் கமெண்டைப் படிச்சீங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

(இந்த ‘ஆமாங்க’வைக் கதையிலிருந்து நீக்க நாலு தடவை அழித்தேன். நாலு தடவையும் திரும்பப் போட்டேன்.)

“பில்லு, ஆஸ்பத்திரி சீட்டு, உடைஞ்ச கெட்டில் எல்லாம் கொண்டாந்திருக்கோம். யார்கிட்ட காட்டணும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் பரிசு வாங்க வரவில்லை, பதில் வாங்க வந்திருக்கிறார்கள். மடிக்கணினியில் அவருடைய பெயரைத் தேடி அந்தக் கமெண்டை முதல் தடவையாகப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் மேடையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து தடுத்திருக்கலாம். மேடை இருபது அடி தூரம்தான். எழுந்திருக்கவில்லை.

கம்பெனியின் விளம்பரப் பொறுப்பாளர் மைக்கைப் பிடித்திருந்தார். நாங்கள் கெட்டில் மேடம் என்போம். “நம்ம கெட்டில் குடும்பத்தோட முதல் ரசிகை! அறுபத்து மூணு நாள், ஒரு நாள் விடாம நம்மகிட்ட அன்பா பேசினவங்க!” என்று சொல்லி, ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்றைத் தங்கை கையில் வைத்து மைக்கையும் கொடுத்தார். உள்ளே என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே மாடல், சிவப்பு நிறம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதை ரிப்பன் கட்டிப் பாய்ச்சினார்கள்.

தங்கை பெட்டியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு மைக்கில், “மேடம், நான் ரசிகை இல்லைங்க” என்றார்.

கூடம் முழுக்கக் கை தட்டியது. அடக்கமாகப் பேசுகிறாராம்.

“இல்லைங்க, நெஜமாவே இல்லைங்க. நான் புகார் குடுத்தேன்.”

இன்னும் கொஞ்சம் கைதட்டல். கெட்டில் மேடம் சிரித்தபடியே மைக்குக்குக் கை நீட்டினார். அந்த நேரத்தில்தான் அக்கா துணிப்பையை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். பழைய கெட்டிலை வெளியே எடுத்தார். விருந்தினர் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தங்கை திறந்து கெட்டிலில் ஊற்றினார். மூடியை மூடினார்கள், ஒழுங்காக மூடியது. அக்கா இடது கையால் கெட்டிலைத் தூக்கிச் சாய்த்தார். மூடி திறந்து மொத்தத் தண்ணீரும் கம்பளத்திலும் கெட்டில் மேடத்தின் செருப்பிலும் கொட்டியது. மேடம் ஐயோ என்று கத்திப் பின்னால் நகர்ந்தார்.

“ஏம்மா கத்தற? இது பச்சத் தண்ணி” என்றார் அக்கா. “அன்னைக்குக் கொதிச்ச தண்ணி.”

7

(ஆறாம் பகுதியில் அக்கா அழுவதாக எழுதியிருந்தேன். அவர் அழவில்லை. எனவே ஆறாம் பகுதி இல்லை.)

நேரலையை உடனே நிறுத்தியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நிறுத்தவில்லை. கேமராக்காரரின் திரையில் பார்வையாளர் எண் எகிறிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அக்கா கையுறையைக் கழற்றிக் கையைக் காட்டும் வரை ஓடிற்று. அதன்பிறகுதான் யாரோ மின்வயரைப் பிடுங்கினார்கள்.

மறுநாள் மாலைக்குள் பதினோரு லட்சம் பார்வைகள். அக்கா கெட்டிலைச் சாய்க்கும் மூன்று வினாடியை வெட்டி, பின்னால் வேடிக்கை இசை போட்டு ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டார்கள். அதில் கையைக் காணோம், செருப்பு நனைவது மட்டும் இருந்தது. எல்லோர் வாயிலும் கெட்டில் கம்பெனியின் பெயர். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று கம்பெனி இருபது சதவீதத் தள்ளுபடி அறிவித்தது. அந்த வாரம் விற்பனை பதினான்கு சதவீதம் ஏறியது. அதே மாடல், அதே கொக்கி.

சதவீதம் என் மேஜைக்கு வந்தார்.

“பதினேழாம் பக்கம் ஏம்மா காலியா இருக்கு?”

“என்ன போடறதுன்னு தெரியல சார்.”

“பதினோரு லட்சம்னு போடு. பக்கத்துல மேல பாத்து ஒரு அம்புக்குறி போடு. முடிஞ்சுது.”

“அவங்க எதுக்காகப் பாத்தாங்கன்னு போட வேண்டாமா சார்?”

“எத்தனை பேர்னுதானே கம்பெனி கேட்டிருக்கு? எதுக்குன்னு கேட்டா அது தனி அறிக்கை, தனி ரேட்டு.” சிரித்தார். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: “நீ மனசுல ஏத்திக்காதம்மா. நாம தராசு. கறிக்கடைல இருந்தாலும் நகைக்கடைல இருந்தாலும் தராசுக்கு என்ன?”

அவர் போனபிறகு எனக்குப் பதில் தோன்றியது. தராசு பொய்யாக இருந்தால் முதலில் அதைத்தானே அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு போவார்கள்? இதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லி என்ன பயன் என்றும் தெரியவில்லை.

8

அன்று மதியம் எட்டு வருடத்தில் செய்யாததைச் செய்தேன். உட்கார்ந்து கமெண்டுகளைப் படித்தேன். ‘மூடி’ என்ற சொல் இருப்பதையெல்லாம் தனியாக எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டு நாள் ஆனது.

“வணக்கம், மூடி சரியாக நிற்கவில்லை, எங்கே மாற்றலாம்?” இது பச்சை. “எங்கள் வீட்டிலும் மூடி திறந்துகொண்டது, மாமியாருக்குத் தொடையில் பட்டுவிட்டது, தயவுசெய்து பதில் சொல்லவும்.” இதுவும் பச்சை. “மூடி திறந்துகொண்டது. மூன்று வயதுக் குழந்தையின் பாதம்.” இது இரண்டே வாக்கியம். நல்ல சொல்லும் இல்லை, கெட்ட சொல்லும் இல்லை, சாம்பல்.

அக்காவோடு சேர்த்து இருபத்து மூன்று பேர். இருபத்து மூன்று பேரையும் அவர்கள் எழுதியது எழுதியபடி ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். இதை எழுதும் இந்த நிமிடத்திலும் அந்தக் கெட்டில் யாருடைய அடுப்படியிலோ கொதித்துக்கொண்டிருக்கிறது.

9

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர்கள் கதை, அவர்களிடம் கேட்காமல் வெளியிடுவது தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்றால், படித்துக் காட்டினால் அவர்கள் நெகிழ்ந்துபோவார்கள், எனக்கு மன்னிப்புக் கிடைக்கும்.

ஒன்றரை அறை. மெஷினைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். அதன்மேல் கூலிக்கு வந்த குழந்தைச் சட்டைகள் அடுக்கியிருந்தன. பொத்தான் தைக்க வேண்டியது மட்டும் பாக்கி. தங்கை கடையிலிருந்து வந்தபிறகு தினம் நாலு சட்டைக்குத் தைக்கிறாராம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். ‘ஆமாங்க’ என்று சொன்ன இடம் வந்தபோது நிறுத்தினேன்.

“அன்னைக்கு நான் உங்க கமெண்டைப் படிச்சிருக்கல. பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும்ங்க” என்றார் தங்கை, பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல். “படிச்சிருந்தா கூப்பிட்டிருக்க மாட்டீங்களே.”

வாசித்து முடித்தேன். பிறகு அக்கா கேட்டார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கே. இத யாரும்மா படிப்பாங்க?”

“கதை படிக்கிறவங்க, அக்கா.”

“கெட்டில் விக்கிறவங்க படிப்பாங்களா?”

“படிக்க மாட்டாங்க.”

“அவங்க எதப் படிப்பாங்க?”

“அறிக்கைய.”

“அத எழுதறது யாரு?”

நான் கையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

“அப்போ அதுல எழுதாம, இங்க வந்து என் கதைய எனக்கே சொல்லிட்டிருக்கியே?”

“அக்கா, அவங்க வேலை போயிடும்க்கா” என்றார் தங்கை.

“போகும். எனக்குப் போகலையா?”

குரலை உயர்த்தவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை தங்கை வந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல இருந்தது. இத்தனைக்குப் பிறகும் இந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாரே!

10

முடிவுகள்.

முதல் முடிவு: பதினேழாம் பக்கத்தில் அந்த இருபத்து மூன்று கமெண்டுகளையும் போட்டு, அக்கா கையின் படத்தையும் வைத்து, அறிக்கையை நேராகக் கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பிவிடுகிறேன். சதவீதம் ஓடி வருகிறார். நான் அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு—

இதை முழுக்க எழுதினேன், இரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. எழுந்துபோய் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்: அறிக்கை அப்படியே இருக்கிறது, பக்கம் அப்படியே காலியாக இருக்கிறது, எனக்கு மட்டும் எல்லாவற்றையும் செய்து முடித்ததுபோல மனசு லேசாகிவிட்டது. அந்த இரண்டு பக்கத்தையும் அழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: பதினோரு லட்சம், மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. இதை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியும் எழுத வரவில்லை. வெட்கம்.

மூன்றாம் முடிவு: கம்பெனியே மனம் திருந்தி—

(சிரித்து முடித்துவிட்டீர்களா? மேலே போகலாம்.)

ஆக, முடிவு எழுதப்போவதில்லை. எழுதினால் அதைச் செய்துவிட்டதாக நானே நம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். சொற்களை எண்ணியே எட்டு வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.

இப்போது காலை பத்து நாற்பது. பதினோரு மணிக்கு அறிக்கை போக வேண்டும். சதவீதம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு கோப்பும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருக்கின்றன. அதில் ஒன்றை, நீங்கள் படிக்கும் இந்தக் கோப்பை, இன்னும் சில வரிகளில் மூடப்போகிறேன்.

நான் என்ன செய்தேன் என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒரு பாத்திரக்கடைக்குப் போய்ப் பாருங்கள். சிவப்பு நிறம், மூடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கொக்கி. அது அலமாரியில் இல்லையென்றால் நல்லது. இருந்தால், நான் எழுதவில்லையா, எழுதியும் யாரும் படிக்கவில்லையா என்று அங்கே நின்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்தில் யாராவது அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாங்காதே என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துங்கள். வணக்கம், தயவுசெய்து, நன்றி எதுவும் வேண்டாம். மரியாதையாகச் சொன்னால் உங்களையும் ரசிகர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.